மச்சப் பால்

"உந்தச் சாமானுகளை எடும் நிருஷா. நான் தொடமாட்டன், விரதக் கை."

கனகேஸ்வரி இதைச் சொன்னபோது குளிர்சாதனப் பெட்டியின் இரண்டு கதவுகளும் விரியத் திறந்து கிடந்தன. மின்கம்பி சுவரிலிருந்து பிடுங்கப்பட்டிருந்தது. பெட்டியின் தட்டுகள் மஞ்சள் தண்ணீரில் குளித்து முடித்துச் சமையலறை மேசையில் காய்ந்துகொண்டிருந்தன. மறுநாள் கந்தசஷ்டி ஆரம்பம். மீன் சட்டியும் முட்டைப் பெட்டியும் காலையிலேயே வீட்டைவிட்டுப் போய்விட்டன.

அலுவலகத்திலிருந்து அப்போதுதான் வந்த நிருஷா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கணவனின் தமக்கை சாமான்கள் என்று சொன்னவை எட்டுச் சிறிய பைகள். ஒவ்வொன்றிலும் நூறு மில்லிலீற்றர் தாய்ப்பால், மேலே நீலப் பேனையால் எழுதிய திகதி. கல்லாக உறைந்து கிடந்தவை இப்போது உருகத் தொடங்கியிருந்தன. கனகேஸ்வரி அவற்றைத் தோசை திருப்பும் தட்டகப்பையால் ஒவ்வொன்றாகத் தள்ளி ஒரு பழைய பிளாஸ்டிக் பேசினுக்குள் விழுத்தியிருந்தாள். அந்தத் தட்டகப்பைக்கும் மஞ்சள் தண்ணீர்க் குளிப்பு காத்திருந்தது.

"மச்சாள், இது பிள்ளையின்ரை பால்."

"எனக்குத் தெரியாதே? நான் என்ன, குடுக்க வேண்டாமெண்டே சொல்லுறன்? ஆறு நாளைக்கு இந்தப் பெட்டிக்குள்ளை வேண்டாம், அவ்வளவுதான். ஆறாம் நாள் அபிஷேகம் எங்கடை உபயம். இருபது லீற்றர் பால் இதுக்குள்ளைதான் வைக்கப்போறன். உடம்பிலையிருந்து வாறதும் சாமிக்குப் போறதும் ஒரே தட்டிலையோ? அது மச்சம் மாதிரித்தானே."

மச்சம் என்றால் அந்த வீட்டில் மீன், இறைச்சி, முட்டை. வெள்ளிக்கிழமைகளிலும் விரத நாள்களிலும் வாசல்படி தாண்டாதவை எல்லாம் மச்சம். நிருஷாவுக்கு அழுகைக்கு முதல் சிரிப்புத்தான் வந்தது.

"மாட்டுப் பால் சைவம், என்ர பால் மச்சமோ மச்சாள்?"

விடை இல்லாத கேள்விக்கு நம்முடைய வீடுகளில் ஒரு விடை எப்போதும் தயாராக இருக்கும். அதையே கனகேஸ்வரி சொன்னாள். "எதிர்த்துக் கதைக்காதையும்."

ஆறு நாள் ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். சாதாரணமாக இல்லைத்தான். ஆனால் ஹம்சிகா என்கிற அந்த ஐந்தரை மாதப் பெண்பிள்ளைக்கு ஆறு நாள் என்பது சின்னக் கணக்கல்ல. போன கிழமை வெள்ளவத்தைக் கிளினிக்கில் குடும்பநல மாது டோரின் அவளைத் தராசில் கிடத்திப் பார்த்துவிட்டு, மறுபடியும் எடுத்துக் கிடத்திப் பார்த்தாள். நாலாம் மாதம் வரைக்கும் பிள்ளையின் வளர்ச்சிக் கோடு பச்சை நிறத்துக்குள் நன்றாக மேலே போயிருந்தது. நாலாம் மாதம் நிருஷாவின் பிரசவ லீவு முடிந்தது. அதற்குப் பிறகு வந்த ஒரு மாதத்தில் பிள்ளை கூடியது வெறும் ஐம்பது கிராம். கோடு படுத்துவிட்டது.

"பகல்ல என்னம்மா குடுக்குறீங்க?" என்று டோரின் கேட்டாள்.

"என்ர பால்தான் மிஸ். எடுத்து வைச்சிட்டுப் போறனான். மச்சாள் குடுக்கிறவ."

"அப்ப இப்பிடி ஆகக் கூடாதே. அடுத்த நிறுவையும் இப்பிடியே இருந்தா நான் ஆஸ்பத்திரிக்கு எழுதணும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து பாக்குறேன்."

அந்த ஐம்பது கிராமைக் கேள்விப்பட்ட அன்றிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் காரணம் தெரிந்துவிட்டது. நிருஷாவின் பாலில் சத்தில்லை. நாள் முழுக்க ஏசிக்குள் இருக்கிற உடம்பு, கொம்பியூட்டரைப் பார்க்கிற கண், பஸ்ஸில் நெரிபட்டு வருகிற களைப்பு, எல்லாம் சேர்ந்து பாலைத் தண்ணீராக்கிவிட்டன. தொலைபேசியில் கதைத்த உறவினர்கள் வரைக்கும் இதையே சொன்னார்கள். சொல்லச் சொல்ல நிருஷாவும் பாதி நம்பிவிட்டாள். குளியலறைக்குள் தனியாக நின்று, தன் பாலின் ஒரு துளியை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததும் உண்டு. என்ன தெரியும்? பால்தான் தெரிந்தது.

அவள் வேலை செய்தது கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில். தாய்மாருக்கென்று அங்கே அறை கிடையாது. பழைய கோப்புகள் அடுக்கிய அறைக்குள், கதவுக்குக் கதிரையை முட்டுக் கொடுத்துவிட்டு, ஒரு நாளைக்கு மூன்று தரம் இருந்து அந்தப் பாலை எடுப்பாள். வெளியே யாராவது கைபிடியைத் திருகினால் பால் நின்றுவிடும். திரும்ப வரப் பத்து நிமிஷமாகும். அப்படி எடுத்த பாலைத்தான் ஐஸ்கட்டியோடு நீலப் பைக்குள் வைத்து, பஸ்ஸில் மடியில் அணைத்தபடி கொண்டுவருவாள்.

ராகுலன் ஏழு மணிக்கு வந்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். ராகுலன் இடி விழாத பக்கம் பார்த்து இருக்கத் தெரிந்த மத்தளம். மனைவி சொன்னதைக் கேட்டான், தமக்கையின் முகத்தைப் பார்த்தான், கைகால் கழுவப் போனான். வெளியே வந்து, "ஆறே ஆறு நாள் நிருஷா. அதுக்குள்ளை பால்மாவைக் குடுத்தால் என்ன? நான் என்ன தாய்ப்பாலிலேயோ வளந்தனான்?" என்றான்.

அவன் அப்படி வளர்ந்தவன் இல்லைத்தான். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் ஓடியபோது அவனுக்கு ஆறு மாதம். தாயும் தகப்பனும் ஒரே செல்லடியில் போய்விட்டார்கள். இருபது வயதுக் கனகேஸ்வரி தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு மழைக்குள் நடந்தாள். வழியில் யாரோ கொடுத்த சீனித் தேத்தண்ணியைத் தன் சேலைத் தலைப்பில் நனைத்து நனைத்து அவன் வாயில் பிழிந்தாள். அவன் சாகவில்லை. பிறகு கொழும்புக்கு வந்து, தையல் தைத்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, அவனைக் கணக்காளனாக்கினாள். இடையில் வந்த மூன்று கலியாணப் பேச்சையும் அவளே வேண்டாம் என்றாள். நாலாவது வரவில்லை. இன்று ராகுலன் ஆறடி. அன்போடு ஊட்டினால் எதை ஊட்டினாலும் பிள்ளை வளரும் என்பது அவளுக்குப் புத்தகத்தில் படித்த விஷயமல்ல. கண்ணால் கண்டது.

அதனால்தான் அந்த வீட்டில் கனகேஸ்வரியை யாரும் எதிர்த்துப் பேச முடியாது. கொடுமைக்காரியாக இருந்தால் எவ்வளவோ சுகம். நன்றிக் கடனுக்குள் அடைபட்டவர்களுக்குக் கதவே கிடையாது.

நிருஷா நீலப் பையையும் பேசினையும் தூக்கினாள். எங்கே கொண்டுபோவது என்று தெரியவில்லை. லிஃப்ட் வழக்கம்போல் பழுது. படியில் இரண்டு மாடி இறங்கியவள், அதற்குமேல் எங்கே என்று தெரியாமல் படிக்கட்டு வளைவில் நின்றுவிட்டாள். கடற்கரைப் பக்கமாகப் பாணந்துறை ரயில் கடகடவென்று போனது. அந்தச் சத்தம் அடங்குவதற்காக நிற்பதுபோல நின்றாள்.

"அல்லாஹ்வே, என்னத்துக்கு இருட்டுல இப்பிடி நிக்கிறீங்க?"

இரண்டாம் மாடி ஹமீமா. இடுப்பில் எட்டு மாதத்து மகன் நபீஸ், நெற்றியில் ஒரு ரூபாய் அளவு கறுப்புப் பொட்டு. ஹமீமா மாளிகாவத்தையில் பிறந்து வெள்ளவத்தைக்கு வாழ்க்கைப்பட்டவள். கணவனுக்குக் காலி வீதியில் துணிக்கடை. வாய் ஓயாதவள். கிளினிக் வரிசையில் பழக்கமானவள். மகனின் நிறையை யாருக்கும் சொல்லமாட்டாள், கண்ணூறு பட்டுவிடும் என்று. டோரின் மிஸ்ஸிடம் அதற்குத் திட்டும் வாங்கியிருக்கிறாள்.

நிருஷா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, அவள் பேசினைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டாள். "எங்கட பிரிஜ்ஜில எடம் ஈக்கி. ஆனா ஒண்டு செல்லிடுறேன். மேல் தட்டுல மாட்டெறச்சி ஈக்கி. ஒங்களுக்குப் பரவாயில்லயா?"

"பரவாயில்லை."

"அப்ப வாங்க உள்ளுக்கு."

உருகிவிட்ட நாலு பைகள் இனி உறையவைக்க உதவாது. மற்ற நாலையும் அன்றைய பாலையும் ஹமீமா ஒரு சிவப்பு மூடிப் பெட்டிக்குள் அடுக்கினாள். அதன்மேல் பெரிய எழுத்தில் நிருஷாவின் பெயரை எழுதி ஒட்டினாள். ஒட்டியும் திருப்தியில்லாமல் றப்பர் பட்டி இரண்டு போட்டு இறுக்கினாள்.

"ஏன் ஹமீமா இவ்வளவு கவனம்?"

"இது வெளயாட்டு இல்ல. மாறித் தவறி என்ட மகன் ஒங்கட பாலக் குடிச்சிட்டா? அஞ்சு தரம் வயிறு நெறயக் குடிச்சாப் போதும், ஒங்கட மக அவனுக்குத் தங்கச்சி. நீங்க உம்மா. நாளக்கிக் கலியாணம் பேச ஏலாது."

"எங்கடை வீட்டிலை அந்தக் கலியாணத்துக்கு வேறை தடை கனக்க இருக்கு" என்றாள் நிருஷா.

இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் நிருஷா அந்தச் சிவப்பு மூடியைப் பார்த்தாள். தன் பாலுக்கு உறவை உண்டாக்கும் சக்தி இருக்கிறது என்று நம்புகிற ஒரு வீட்டில் அது றப்பர் பட்டி போட்டுப் பத்திரமாக இருக்கிறது. பெற்ற பிள்ளையின் வீட்டில் அதைத் தட்டகப்பையால் தள்ளுகிறார்கள்.

விரதத்தின் முதல் மூன்று நாளும் இப்படிப் போயின. விடிய எழுந்து படியிறங்கிப் பாலை எடுத்துவருவாள். ஐஸ் நிரப்பிய பெட்டிக்குள் வைத்து, சமையலறைக்கு வெளியே பல்கனியில் விடுவாள். "மூண்டு தரம் குடுங்கோ மச்சாள், சுடுதண்ணிக்குள்ளை வைச்சால் காணும்" என்பாள். "ஓம், ஓம். எனக்குத் தெரியாதே" என்பாள் கனகேஸ்வரி. மாலையில் வரும்போது வெறும் பைகள் கழுவிக் காயப்போட்டபடி இருக்கும். பிள்ளை மட்டும் தாயின் மணம் பட்டவுடன் கழுத்தைத் திருப்பிச் சட்டையைக் கவ்வும். ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்த பிள்ளை அப்படித்தான் கவ்வும் என்று நிருஷாவுக்கு அப்போது தோன்றவில்லை. பாசம் என்று நினைத்தாள்.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை, சொன்னபடி டோரின் வந்தாள். கொட்டாஞ்சேனைக்காரி. இருபத்தெட்டு வருஷமாகக் கொழும்பு மாடிவீடுகளில் ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்தவள். நிருஷா அரைநாள் லீவு போட்டு வந்திருந்தாள். கனகேஸ்வரி ஒரு நேரம் பாலும் பழமும் என்று இருந்ததில் முகம் வாடியிருந்தாலும், டோரினுக்குக் கதிரை இழுத்துப் போட்டாள், தேத்தண்ணி போட்டாள். பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டியபடியே நின்றாள். கண்டவர் யாரும் அவளைத்தான் தாய் என்பார்கள்.

கையோடு கொண்டுவந்த தராசில் பிள்ளை கூடவில்லை. இருபது கிராம் குறைந்திருந்தது.

"இன்னிக்கு ரெண்டு தரம் பால் குடுத்தாச்சா?"

"ஓம் மிஸ். பத்து மணிக்கு ஒருக்கா, ஒரு மணிக்கு ஒருக்கா."

டோரின் பிள்ளையின் நாப்கினைப் பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள். பிறகு காற்று வாங்கப் போகிறவள்போலப் பல்கனிக்குப் போனாள். அங்கே கொடியில் பிள்ளையின் துணிகள். மூலையில் பெரிய சீமெந்துச் சாடியில் ஒரு குரோட்டன். அதன் கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்திருந்தன. மண்ணின் மேல் வெள்ளையாக ஆடை படிந்து வெடித்திருந்தது. புளிச்ச மணம். சாடியின் விளிம்பிலிருந்து சுவர் வரைக்கும் எறும்புகள் வரிசை பிடித்திருந்தன.

"அனே, இங்க வாங்கம்மா" என்றாள் டோரின்.

நிருஷா வந்தாள். பார்த்தாள். அவளுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் குரோட்டன் சாடிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டாள்.

கனகேஸ்வரி மறைக்கவில்லை. மறைக்கவேண்டிய காரியம் என்று அவள் நினைக்கவே இல்லை. "பிறகென்ன செய்யிறது மிஸ்? பெட்டிக்குள்ளை வைச்சால் அது மேலை ஒரு ஆடை, கீழை ஒரு தண்ணி. திரைஞ்சு போச்சு. திரைஞ்சதைப் பச்சைப்பிள்ளைக்குக் குடுக்கிறதே? குளிர்ப்பால் வேறை, சளி பிடிக்கும். நான் சிங்குக்குள்ளை ஊத்தேல்லை. தாய்ப்பாலைக் கால் மிதிக்கிற இடத்திலை ஊத்தினால் தாய்க்குப் பால் வத்திப்போகும். அதுதான் மரத்துக்கு ஊத்தினனான். விரத நாளிலையும் குளிக்க முதல் ஊத்திப்போட்டுத்தான் தலை முழுகினனான். எல்லாம் இவவின்ரை பால் வத்தக்கூடாதெண்டுதானே."

பால் வற்றக்கூடாது என்று பாலை ஊற்றியிருக்கிறாள். ஐந்து கிழமையாக, நாளுக்கு மூன்று தரம், பக்தியோடு.

"வச்சிருந்தா எல்லாத் தாய்ப்பாலும் அப்பிடித்தாம்மா பிரியும். லேசாச் சுழட்டினா சேந்துடும். அது கெட்டதில்ல" என்றாள் டோரின். "அப்ப பகல்ல பிள்ளைக்கு என்னதான் குடுத்தீங்க?"

"மல்லித்தண்ணி கற்கண்டு போட்டு. பிறகு பால்மா, கட்டியாக் குடுத்தால் செமிக்காது, அரைக் கரண்டி போட்டுத் தண்ணியாக் கரைச்சு. நான் என்ர கையாலை கரைச்சுக் குடுத்தால் ஒரு சொட்டு மிச்சம் விடாள். கேட்டுப் பாருங்கோ."

அந்த 'என்ர கையாலை' என்பதில்தான் முழு விஷயமும் இருந்தது. கனகேஸ்வரிக்கே அது தெரியாது. இன்னொருத்தியின் பாலைச் சுடுதண்ணியில் வைத்து ஊட்டுகிறவள் ஆயா. தானே கரைத்து ஊட்டுகிறவள் தாய்க்குக் கிட்ட. நாற்பத்தொன்பது வயதுவரை ஒருவரும் அம்மா என்று கூப்பிடாத பெண்ணுக்கு அந்த அரைக் கரண்டி மாவு எவ்வளவு பெரிய விஷயம் என்று யார் யோசித்தார்கள்? தம்பிக்காகக் கலியாணத்தை விட்டவள் என்று ஊர் மெச்சியது. மெச்சிவிட்டு, அவளை அந்தச் சமையலறையில் விட்டுவிட்டுப் போனது.

நிருஷாவின் வாய்வரைக்கும் ஒரு சொல் வந்தது. பிள்ளை பெறாத உங்களுக்கு என்று தொடங்கும் சொல். பிள்ளை கனகேஸ்வரியின் தோளில் தலை சாய்த்துக் கிடந்ததைப் பார்த்தாள். அந்தச் சொல்லை விழுங்கினாள். பிள்ளையை மட்டும் எட்டி வாங்கிக்கொண்டாள்.

இரவுச் சாப்பாட்டில் ராகுலன் தீர்ப்புச் சொன்னான். "அக்கா தெரியாமல் செய்தவ. அவவை நோகப்பண்ணாதையும். ஒரே வழிதான் இருக்கு. நீர் வேலையை விடும்."

எந்த வீட்டில் என்ன நோய் வந்தாலும் மருந்து ஒன்றுதான், பெண் வேலையை விடவேண்டும். தவறு செய்தவள் வீட்டில் இருப்பாள். பாலில் சத்தில்லை என்றதற்குத் தலையாட்டியவன் வேலைக்குப் போவான். கோப்பறைக்குள் கதிரையை முட்டுக் கொடுத்து இருந்தவள் மட்டும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அதே சமையலறைக்குள், அதே மஞ்சள் தண்ணீருக்குள் வந்து சேரவேண்டும். அங்கே வந்தபின்? கனகேஸ்வரியின் வீட்டில் கனகேஸ்வரிபோல இன்னொருத்தி. நிருஷாவுக்குத் தன்னுடைய நாற்பத்தொன்பதாவது வயது அந்த மேசையின் மறுபுறத்தில் இருந்து வாழைப்பழம் உரிப்பதுபோலத் தெரிந்தது. பயமாக இருந்தது.

"நான் வேலையை விடமாட்டன்" என்றாள்.

"அப்ப பிள்ளையை ஆர் பாக்கிறது?"

மறுநாள் சனிக்கிழமை, நிருஷா ஹமீமாவின் வீட்டில் ஒரு மணித்தியாலம் இருந்து, பகலில் பிள்ளையைப் பார்ப்பதைப் பற்றிக் கதைத்தாள். ஹமீமாவும் உடனே தலையாட்டிவிடவில்லை. "எனக்கே ஒண்டு இடுப்புல, வேலைக்கு ஆளில்ல. ஒங்கட மச்சாள் என்ட வாசல்ல வந்து சத்தம் போட்டா?" என்று கேட்டாள். கணவனிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். ஞாயிறு இரவு சரியென்றாள். திங்கட்கிழமை காலை, வீடு முழுவதும் விரதம் முடிக்கும் பாறணை ஆயத்தத்தில் இருந்தபோது, நிருஷா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி இறங்கினாள். பிள்ளையை ஹமீமாவின் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

அன்று மாலை நடந்த பேச்சை இங்கே முழுக்க எழுதத் தேவையில்லை. மாடு வைக்கிற பெட்டி என்ற சொல் பலமுறை வந்தது. கடைசியில் ராகுலன், "ஆஸ்பத்திரிக்கு எழுதுவன் எண்டு மிஸ் சொன்னவ, அக்கா. ஒரு மாதம் பாப்பம்" என்று மெதுவாகச் சொன்னான். அவன் வாழ்க்கையில் தமக்கைக்கு எதிராகச் சொன்ன முதல் வசனம் அது. கனகேஸ்வரி இரண்டு நிபந்தனை போட்டாள். ஒன்று, மாலையில் பிள்ளை வீட்டுக்குள் வரும்போது முதலில் குளியலறைக்குள் போகவேண்டும். முழுகாமல் சாமியறைப் பக்கம் வரக்கூடாது. இரண்டாவது, இது வெளியே தெரியக்கூடாது. யாரும் கேட்டால் டே கெயார் என்று சொல்லவேண்டும்.

நிருஷா இரண்டுக்கும் சம்மதித்தாள். வேறு என்ன செய்வாள்? தினமும் மாலையில் நன்றாக இருந்த பிள்ளையை, மழை நாளிலும், குளிப்பாட்டினாள். கோயிலிலும் கலியாண வீட்டிலும் உறவினர்கள் கேட்டபோது, "பம்பலப்பிட்டியிலை ஒரு நல்ல டே கெயார்" என்று தன் வாயாலேயே சொன்னாள். சொல்லிவிட்டு வந்த நாளெல்லாம் இரண்டாம் மாடிப் படியில் ஹமீமாவின் முகத்தைப் பார்க்கக் கூசியது.

இதற்கிடையில் ஒரு நாள் அலுவலகத்தில் கூட்டம் நீண்டது. எடுத்து வைத்த பால் முடிந்துவிட்டது. ஹமீமாவிடமிருந்து அழைப்பு வந்தது. பின்னால் பிள்ளை வீரிட்டு அழுவது கேட்டது. "நிருஷா, என்ட நெஞ்சுல பால் ஈக்கி. இவரும் சரியெண்டாரு. ஆனா ஒங்கட வாயால செல்லணும். இது ஒரு தரத்தோட நிக்காது. பொறகு என்ட மகன் ஒங்கட மகளுக்கு நானா, கூடப் பொறந்த அண்ணன் மாதிரி. நான் அவவுக்கு உம்மா மாதிரி. மாத்த ஏலாது."

நிருஷா கோப்பறைக்குள் நின்றாள். கூட்ட அறையிலிருந்து யாரோ அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். "குடுங்கோ" என்றாள். அழுகை நின்ற சத்தம் தொலைபேசிக்குள் கேட்டது. அதன்பிறகும் பல நாள் அப்படிக் கொடுக்க நேர்ந்தது. மேல்மாடிக்கு இது தெரியாது.

அடுத்த கிளினிக் நாளில் கனகேஸ்வரி தானும் வருவதாக அடம்பிடித்தாள். பட்டுக்கரைச் சேலை, நெற்றியில் திருநீறு. உட்காரும் வாங்கு நிறையத் தாய்மார். அதில் பாதிப்பேர் கோயிலில் கண்ட முகங்கள். டோரின் பிள்ளையின் சட்டையைக் கழற்றித் தராசில் கிடத்தினாள். ஹம்சிகா காலை உதைத்துச் சிரித்தாள். ஊசி நடுங்கி நின்றது. எழுநூறு கிராம் கூடியிருந்தது.

"அப்பாடா" என்றாள் டோரின். படுத்திருந்த கோட்டிலிருந்து மேல்நோக்கி ஒரு புதுக் கோடு இழுத்தாள்.

கனகேஸ்வரியின் கண் கலங்கிவிட்டது. அவள் வாங்கு முழுவதற்கும் கேட்கச் சொன்னாள். "ஆறு நாள் ஒரு நேரப் பாலோடை கிடந்தனான் மிஸ். முருகன் கைவிடேல்லை. இந்த எழுநூறும் கந்தசஷ்டி தந்தது. அடுத்த வருஷம் நூற்றெட்டுக் குடம் பால் வைக்கப்போறன்."

பக்கத்தில் இருந்த பெண்கள் தலையாட்டினார்கள். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

டோரின் பதிவேட்டைப் புரட்டினாள். "பகல்ல யாரு பாக்குறது? போன தரம் மச்சாள்னு எழுதியிருக்கேன்."

"டே கெயார் மிஸ்" என்றாள் கனகேஸ்வரி முந்திக்கொண்டு. "பம்பலப்பிட்டியிலை."

டோரினின் பேனை தாளில் பட்டது. நிருஷா ஒரு கணம் வாங்கைப் பார்த்தாள். நாளைக்கு இந்த வாங்கு முழுவதும் கோயிலில் கதைக்கும். கலியாண வீடுகளில் கதைக்கும். ராகுலன் ஒரு மாதம் முகம் கொடுக்கமாட்டான். எல்லாம் தெரிந்துதான் வாய் திறந்தாள்.

"டே கெயார் இல்லை மிஸ். எங்கடை மாடிவீட்டிலை, ரண்டாம் மாடி ஹமீமா. நீங்களும் அறிஞ்சவதான். என்ர பாலை எடுத்து வைச்சுக் குடுக்கிறா. முடிஞ்சால் தன்ர பாலையும் குடுக்கிறா."

டோரின் தலை நிமிரவில்லை. வெட்டிவிட்டுத் திருத்தி எழுதினாள். எழுதும்போது வழக்கப்படி வாய்விட்டுச் சொன்னாள். "ஹமீமா. தாய்ப்பாலூட்டுகிறார்."

வாங்கில் தலைகள் திரும்பின. தராசிலிருந்து பிள்ளையைத் தூக்குவதற்காகக் கனகேஸ்வரியின் இரண்டு கைகளும் ஏற்கெனவே நீண்டிருந்தன. அவை பாதி வழியில் நின்றன. தோலில் பட்டதென்றால் முழுகவார்த்துக் கழுவிவிடலாம், இவ்வளவு நாளும் அப்படித்தான் கழுவுவித்தாள். இது தொண்டைக்குள் இறங்கி, இரத்தமாகி, தொடையிலும் கன்னத்திலும் சதையாகிவிட்டது. முருகன் தந்ததென்று இப்போதுதான் ஊரறியச் சொன்ன எழுநூறு கிராமில் ஹமீமாவுடையது எத்தனை கிராம் என்று பிரித்துக் காட்ட அங்கே தராசு இருக்கவில்லை.

ஹம்சிகா பெரியமாமியைப் பார்த்துக் கையை நீட்டிச் சிரித்தாள். நிருஷா பிள்ளையைத் தூக்கவில்லை. காத்திருந்தாள். டோரினும் காத்திருந்தாள். நீட்டிய கைகள் மெல்ல மெல்ல இறங்கிச் சேலைத் தலைப்புக்குள் போயின.

"அடுத்த பிள்ள" என்று டோரின் கூப்பிட்டாள்.

நிருஷா குனிந்து மகளைத் தூக்கினாள். பிள்ளை கனத்தது.